காலி ட்ரம்கள் எங்கே போகின்றன

1

போன சனிக்கிழமையிலிருந்து பக்கத்து வீட்டு டச்சுக்காரர் யான் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். முன்பெல்லாம் வேலியோரம் நின்று வானிலையைப் பற்றியாவது இரண்டு வார்த்தை பேசுவார். ராட்டர்டாமில் பல வாரக் கடைசிகளில் எனக்குக் கிடைக்கிற மொத்தப் பேச்சே அதுதான். அதுவும் போயிற்று. காரணம் ஒரு நீல ட்ரம்.

மழைநீரைப் பிடித்து வையுங்கள் என்று இங்கே நகராட்சி எல்லாரையும் நச்சரித்துக்கொண்டிருக்கிறது. வருஷம் முழுக்க நசநசவென்று தூறும் ஊரில் மழைநீர் சேமிப்பு! கூரைக்குழாய்க்கு அடியில் ஒரு பீப்பாய் வைத்து, செடிக்கு அதிலிருந்து ஊற்ற வேண்டுமாம். யான் புதிதாக எதையும் வாங்க மாட்டார். பழையதை மறுபடி பயன்படுத்துவதுதான் பூமிக்கு நல்லது என்பது அவர் கட்சி. எங்கிருந்தோ ஒரு பழைய நீல ப்ளாஸ்டிக் ட்ரம்மை வாங்கி வந்து, வண்டியிலிருந்து இறக்க ஒரு கை கொடுங்கள் என்று கூப்பிட்டார். இறக்கி வைத்தோம். உடனே நான் மூடியைத் திறந்து, தலையைத் தோள்வரை உள்ளே விட்டு, மூச்சை நன்றாக இழுத்தேன்.

யோசித்துச் செய்த காரியமில்லை. தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன் முன்னால் ஒரு ட்ரம் வந்து இறங்கினால் மூக்கு தானாக உள்ளே போய்விடும். யான் பதறிப்போய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் மயங்கி விழுகிறேன் என்று நினைத்தாராம். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் இருந்தும் அவசரத்துக்கு இந்த ஊர் பாஷை என் வாயில் நிற்பதில்லை. மோந்து பார்த்தேன் என்று சொல்லப் போய், உங்கள் ட்ரம் நாறுகிறது என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

அன்று மாலைவரை மனிதர் அந்த ட்ரம்மைக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் என் அக்காவின் ட்ரம் கடை இடம் மாறி ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. இதை இங்கே யாரிடம் சொல்வது? அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

வடசென்னைக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீர் லாரி வரும்போது தெருவில் வரிசையாக நிற்குமே நீல ட்ரம்கள், அவை தண்ணீருக்காகப் பிறந்தவை அல்ல. மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுமந்து வந்தவை. சரக்கு தீர்ந்ததும் காலி ட்ரம்மை யாராவது எடுத்துப் போக வேண்டும். எடுத்துப் போய், கழுவி, விற்கிற கடைகள் எங்கள் பக்கத்தில் நிறைய இருந்தன. அதில் ஒன்று என் அக்கா தேவகியின் கடை.

அவள் வீட்டுக்காரர், என் மாமா, ஆரம்பித்தது. அவர் தவறிய பிறகு அக்கா எடுத்து நடத்தினாள். பிள்ளைகள் கிடையாது. கீழே கடை, மேலே வீடு. நானும் அங்கேதான் வளர்ந்தேன். இரும்பு பேரலாக இருந்தால் உள்ளே சங்கிலியைப் போட்டு உருட்டுவார்கள், ஒட்டியிருப்பது பெயர்ந்து வரும். ப்ளாஸ்டிக் ட்ரம்முக்குக் காஸ்டிக் சோடாவும் கொதிநீரும். காலையில் அந்த உருட்டல் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். கழுவின தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகும், சாக்கடை கால்வாய்க்குப் போகும், கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகும். நெட்டுக்குப்பத்தில் என் பள்ளித் தோழன் ஒருவன் அந்தக் கழிமுகத்தில்தான் வலை வீசினான். அவன் வலையில் மீன் குறைந்ததற்கு நாங்கள் அனல்மின் நிலையத்தைத் திட்டுவோம். எங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ட்ரம் வாங்க வருகிறவர்கள் காசைக் கொடுப்பதற்கு முன் உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பார்கள். அதுதான் வழக்கம். ஆனால் முதலில் மோந்து பார்ப்பவள் அக்கா. அவள் தலையை வெளியே எடுத்து, "எத்துகினு போ"ன்னு சொல்லிவிட்டால் பேச்சே கிடையாது. வியாசர்பாடியிலிருந்து, புளியந்தோப்பிலிருந்து, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, தண்ணீர் பிடித்து வைக்க என்று அக்காவின் மூக்கை நம்பித்தான் வருவார்கள். வினிகர் வந்த ட்ரம் எது, தின்னர் வந்த ட்ரம் எது என்று தூரத்திலிருந்தே சொல்வாள். அந்தத் திறமையில் எங்களுக்கெல்லாம் அப்போது பெரிய பெருமை. அது எதைத் தின்று வளர்கிற திறமை என்று யாருக்கும் தோன்றவில்லை.

3

இங்கே என் பிழைப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். இந்தியாவிலிருந்து ரசாயனங்கள் இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனியில், சுற்றுச்சூழல் விதிகளைப் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். சரக்கு அனுப்பும் தொழிற்சாலைகளுக்குக் கேள்விகள் அனுப்புவேன். கழிவுநீரை என்ன செய்கிறீர்கள், புகையை எப்படி அளக்கிறீர்கள், காலி ட்ரம்கள் எங்கே போகின்றன. "உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கிறோம்" என்று ஒரே வரியில் பதில் வரும். என் பக்கத்து இருக்கைக்காரி அதைப் படித்துவிட்டுச் சரி என்பாள். எனக்கு மட்டும் காதில் சங்கிலி உருளும். அந்த ட்ரம்முக்கு மேல் மாடியில் படுத்துத் தூங்கியவன் நான் என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் ஒன்று பரிதாபப்படுவார்கள், இல்லையென்றால் குறிப்பெடுப்பார்கள். இரண்டும் வேண்டாம்.

வீட்டில் பேச ஆளில்லை. மனைவி பிரிந்து போய்விட்டாள், சண்டையில்லாமல், ஒப்பந்தம் முடிந்த மாதிரி. மகள் மீனா அவளோடு இருக்கிறாள், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருவாள். கல்லூரியில் படிக்கிறாள். மாமிசம் சாப்பிடுவதில்லை, புதுத்துணி வாங்குவதில்லை, இப்போது விமானமும் ஏறுவதில்லை. விமானப் புகை பூமிக்குக் கெடுதல் என்று சபதம். அவள் சொல்வதில் தப்பே இல்லை. அதற்குச் சம்பளம் வாங்குகிறவன்தான் நானும். ஆனால் அந்தச் சபதத்துக்கு அர்த்தம், இனி அவள் தண்டையார்பேட்டைக்கு வரவே மாட்டாள் என்பதுதான்.

இதை அக்காவிடம் போனில் சொன்னேன். "பிளேனு பொக வுடுதுன்னு அத்தைய பாக்க வரமாட்டாளா?" என்றாள். நான் பூமி சூடாவது, கடல் மட்டம் ஏறுவது என்று ஏதோ விளக்கினேன். "இன்னாடா நியூஸ் வாசிக்கிற," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

4

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு ட்ரம் வரத்து குறைய ஆரம்பித்தது. பெரிய தொழிற்சாலைகள் காலி ட்ரம்களைக் கண்டவருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்கிற விதி நம் நாட்டில் ரொம்ப நாளாக இருக்கிறதுதான். ரசாயனம் ஒட்டியிருந்தால் அந்த ட்ரம்மே ஆபத்தான கழிவு. கழுவுகிறவருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும், கழிவுநீரைச் சுத்திகரிக்கிற அமைப்பு வேண்டும், ஒவ்வொரு லாரிக்கும் கூடவே ஒரு சீட்டு போக வேண்டும். விதி ஏட்டில் இருந்தவரை எல்லாருக்கும் சௌகரியம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் துருவித் துருவிக் கேட்க ஆரம்பித்ததும் தொழிற்சாலைகள் விழித்துக்கொண்டன. அக்காவுக்கு வழக்கமாக ட்ரம் கொடுக்கும் மேனேஜர் கையை விரித்துவிட்டாராம்.

அக்கா போனில் சொன்னாள், வெளிநாட்டில் எவனோ ஒருத்தன் கேட்கிறானாம், காலி ட்ரம் எங்கே போகிறது என்று. அவளே, "நீதானாடா அது?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஊருக்குத்தான் உபதேசம் உனக்கில்லையடி என்பார்கள். என் உபதேசம் சுற்றிச் சுற்றி என் வீட்டு வாசலிலேயே போய் நின்றது.

பெரிய இடத்து ட்ரம் நின்றதும் அக்கா கிடைத்த இடத்தில் எல்லாம் வாங்கினாள். எதில் என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாத ட்ரம்கள். கழுவி, மோந்து, கொடுத்தாள். அதில் ஒன்று வியாசர்பாடியில் ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போயிற்று. தண்ணீரை மொண்டு குடித்த ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் காட்டி மாலைக்குள் சரியாகிவிட்டது. மறுநாள் அந்தக் குடும்பம் ட்ரம்மை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கியது. நீ மோந்து கொடுத்த ட்ரம்தானே, இப்போது மோந்து பார் என்றார்கள். தெருவே கூடிவிட்டது.

அக்கா தலையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தாள். மறுபடியும் விட்டாள். ஒரு ராத்திரி மூடிக் கிடந்ததில் நெடி கிளம்பி, சுற்றி நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். இவள் மட்டும் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாளாம். அடிக்க வந்தவர்கள்கூட அதற்குப் பிறகு கையை ஓங்கவில்லை. யாரோ வாரியத்துக்குப் புகார் எழுதினார்கள். எழுதியதில் எனக்குக் கோபமில்லை. என் குழந்தையாக இருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"மூக்கு போயி ரொம்ப நாளாச்சுடா குமாரு. சோறு தீஞ்சாகூட தெரியல. ஜனங்க மூஞ்சிய பாத்துக்கினு ஒரு குத்துமதிப்பா சொல்லிகினு இருந்தேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ கடைய மூட சொல்லுவ. மூடிட்டு நான் இன்னா பண்றது, மேல ஒண்டியா குந்திகினு?"

ஒவ்வொரு வருஷமும் நான் இங்கிருந்து வாசனை சோப்பு அனுப்புவேன். வாசனை சூப்பரா கீதுன்னு ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். போனை வைத்த பிறகு அதை நினைத்து அழுதேன். டாக்டர் பார்த்துவிட்டு, பல வருஷ நெடியில் நரம்பு செத்துவிட்டது, திரும்பாது என்றார். சட்டம் சரியான சட்டம்தான். அக்காவின் மூக்குக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது, பின்னால் வந்தது. வந்ததும் முதல் வேலையாக அவள் கடையைப் பூட்டியது.

5

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. வாரியத்து அதிகாரி முன்னால் போய் நின்று, சரியாகச் செய்ய வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். குடியிருப்புக்கு நடுவில் கூடாது. சுத்திகரிப்பு அமைப்பு தனி ஆளால் முடியாது, நாலு பேர் சேர்ந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் போட்டால் முடியும். அக்கா தெருத்தெருவாகப் போய் மற்ற ட்ரம் கடைக்காரர்களைக் கூட்டினாள். இடத்தை விற்க முடிந்தவர்கள் சேர்ந்தார்கள். வாடகை இடத்தில் தொழில் செய்தவர்களால் முடியவில்லை. அவர்களில் ஒருவர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், இன்னொருவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. சுற்றுச்சூழல் விதிகளைப் பற்றி நாங்கள் இங்கே தயாரிக்கிற அறிக்கைகளில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

அக்கா தண்டையார்பேட்டை வீட்டையும் கடையையும் விற்றாள். விற்கலாமா என்று என்னைக் கேட்டாள். நான் எந்த வாயால் வேண்டாம் என்பேன்? விற்றுவிடு என்றேன். சொல்லிவிட்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஊருக்குப் போனால் என் செருப்பைக் கழற்றிப் போட இருந்த ஒரே வாசற்படி அது.

ஆனால் அனுமதி வரும்வரை ஆன அந்த ஆறேழு மாதம் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். ஞாயிறுதோறும் அக்கா கூப்பிடுவாள். கழிவுநீரில் எதை அளக்க வேண்டும், முகமூடியில் எந்த வகை வேண்டும், வேலை செய்கிறவர்களுக்கு நுரையீரல் பரிசோதனை எப்போது செய்ய வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுவோம். நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுவாள். எதையும் விட்டுக்கொடுக்காமல் செய் அக்கா, நம் ஆட்கள் வந்தாலும் விதி விதிதான் என்று உசுப்பேற்றினேன். அலுவலகத்தில் யாரும் மதிக்காத என் படிப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருந்தது. அனுமதி வந்தது, வேலை தொடங்கியது, அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லை. போனும் நின்றுபோயிற்று. வேலை முடிந்தால் வாத்தியாரை யார் தேடுவார்கள்?

6

போன மாதம் நானே போனேன். மீனாவையும் கூட வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினாள். அக்கா இப்போது ஆலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இருக்கிறாள், அதனால் ராயபுரத்தில் ஒரு லாட்ஜில் இறங்கினேன். சொந்த ஊரில் அறை எண்ணைச் சொல்லிச் சாவி வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தண்டையார்பேட்டை பக்கம் ஒருமுறை நடந்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் பார்சல் கம்பெனியின் கோடவுன். சத்தமே இல்லை.

மறுநாள், அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தபடி, மின்சார ரயில் பிடித்துக் கும்மிடிப்பூண்டி போய், ஆட்டோவில் அக்காவின் இடத்துக்குச் சேர்ந்தேன். நல்ல உயரச் சுவர், பெரிய கேட். கேட்டில் வயதான ஒரு செக்யூரிட்டி. எந்தக் கம்பெனி, எதற்கு வந்தீர்கள் என்றார். தேவகி அம்மாவின் தம்பி என்றேன். சொந்தக்காரர் என்று எழுத இடமில்லை சார் என்றார். வாங்க வந்தவரா, வண்டிக்காரரா, ஆய்வுக்கு வந்தவரா? அடையாளத்துக்கு நான் நீட்டிய வெளிநாட்டுக் கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு, அவராகவே ஆய்வு என்று எழுதிக்கொண்டு உள்ளே போன் செய்தார்.

அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள். தலையில் மஞ்சள் தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ், கழுத்தில் தொங்கும் முகமூடி. தம்பியை எதிர்பார்த்திருந்தும், வெளிநாட்டு ஆய்வாளர் என்று போனில் கேட்டுப் பயந்துகொண்டே வந்தவள் என்னைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. நான் உள்ளே காலெடுத்து வைக்கப் போனேன். என் காலைப் பார்த்தாள்.

"செருப்போட உள்ள வரக்கூடாதுடா. ஷூ வேணும். நீதான சொன்ன, நம்ம ஆளே வந்தாலும் வுடாதன்னு."

சுத்திகரிப்பு இயந்திரத்தை விட்டு மதியச் சாப்பாடுவரை அவளும் நகர முடியாதாம். செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டுப் போனாள். வெயிலில் வெந்து கிடந்த அந்தச் சின்ன அறையின் பெஞ்சில் உட்கார்ந்து, கம்பி வழியே பார்த்தேன். ஆட்கள் எல்லாரும் முகமூடி போட்டிருந்தார்கள். யாரும் எதற்குள்ளும் தலையை விடவில்லை. கழுவின தண்ணீர் தொட்டி தொட்டியாக மாறி, கடைசித் தொட்டியில் தெளிவாக நின்றது. என் வேலையில் நான் எத்தனையோ ஆலைகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். இதற்கு முழு மதிப்பெண் போடலாம். சந்தோஷமாக இருந்தது.

மதியம் அக்கா தூக்குவாளியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்காக விடியற்காலையில் எழுந்து, தேங்காய்ப்பால் ஊற்றி எறாக் குழம்பு வைத்திருக்கிறாள். மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வெக்கையில் குழம்பு ஊசிப்போயிருந்தது. அக்கா ஒன்றும் அறியாமல் சோற்றில் நிறைய ஊற்றிக் கொடுத்து, நான் முதல் வாய் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாளாயிற்று ஒருவர் எனக்குச் சோறு போட்டு!

வாயில் வைத்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நல்லா இருக்குக்கா என்றேன். இன்னொரு வாய் எடுத்தேன்.

வாசலில் நின்ற செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். "மேடம், அது கெட்டுப்போச்சு மேடம்," என்றார் மெதுவாக.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மூடியை எடுத்து வாளியை மூடிக்கொண்டே சொன்னாள்:

"தெனமும் இவருதான்டா மோந்து பாத்து சொல்லுவாரு. இன்னிக்கு நம்ம ஆளு ஒருத்தன் வந்துகீறானேன்னு, இவர நான் கேக்கல."